கரண்ட் இல்லாமல் உறுமிய மோட்டார்

கண்ணு,

நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது உன் அம்மாதான் எழுதுவாள். கடைசியில் "அப்பா நலம், உன்னைக் கேட்டதாகச் சொன்னார்" என்று அவளே ஒரு வரி சேர்த்துவிடுவாள். நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கும். இப்போது அந்த வரியைச் சேர்க்க ஆளில்லை. போனில் நம் இரண்டு பேருக்கும் பேச வருவதில்லை. "சாப்பிட்டீங்களாப்பா?" என்று நீ கேட்பாய், "ஆச்சு" என்பேன். "மழையா?" என்பாய், "ஆமா" என்பேன். அப்புறம் இரண்டு பேரும் இருமிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். குன்னூரில் காலையிலிருந்து மிஸ்ட் இறங்கிக் கிடக்கிறது, எதிர்வீட்டு கேட் கூடத் தெரியவில்லை. கடைக்குப் போகவும் வழியில்லை, எழுதுவதற்கு நல்ல நாள்.

நேற்று நீ போன் செய்தாய். "அப்பா, காரேஜ் கதவு மறுக்காவும் மக்கர் பண்ணுதுங்கப்பா. இங்க ஒருத்தனுக்கும் அதப்பத்தித் தெரியல. ஒருக்கா வந்து பாத்துட்டு, அப்படியே கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க" என்றாய். "பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அந்தக் கதவைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையையும் எழுதிவிடுவது. இரண்டாவது, நான் அங்கே வந்து உங்களோடு இருக்கப்போகிறேனா இல்லையா என்பதைச் சொல்வது. உன் அம்மா போனதிலிருந்து நீ அதைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் நழுவிக்கொண்டே இருக்கிறேன். அதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. இப்போதே கடைசித் தாளைப் புரட்டாதே. கதைப் புத்தகத்தில் முடிவை முதலில் படிக்கும் புத்தி உனக்கு உண்டு, எனக்குத் தெரியும்.

முதலில் கதவு. உங்கள் வீட்டு ஓனர் துபாயில் இருந்து வந்து அந்த வீட்டைக் கட்டினார் என்று மருமகள் செல்வி சொன்னாள். அங்கே பார்த்த மாதிரியே தூத்துக்குடிக் கடற்கரையிலும் வேண்டும் என்று பட்டன் அழுத்தினால் மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும் கதவைப் போட்டுவிட்டு, அவர் பாட்டுக்குத் திரும்ப துபாய்க்கே போய்விட்டார். மனுஷன் உப்புக் காற்றைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நல்ல மரக் கேட்டாக இரண்டு போட்டிருப்பார். ஆனால் அப்படிப் போட்டிருந்தால் நான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டேன், அதனால் அவரைத் திட்டமாட்டேன். உன் அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து, நீங்கள் ஊருக்குக் கிளம்பியபோது என்னைக் கூப்பிட்டீர்கள், நான் வரவில்லை என்றேன். அடுத்த மாதம் நீ போன் செய்து கதவு இறங்க மாட்டேன் என்கிறது, கார் தெருவில் நிற்கிறது என்றாய். மறுநாளே பஸ் ஏறினேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மகன் கூப்பிட்டு வராதவன், கதவு கூப்பிட்டதும் ஓடி வந்தான் என்று செல்வி சிரித்தாள். அவள் சிரித்தது சரிதான்.

அன்றைக்கு அந்தக் கதவு செய்ததுதான் கடலோர வீடுகளில் எல்லோருக்கும் வரும் முதல் தொல்லை. பட்டனை அழுத்தினால் கதவு ஒரு முழம் இறங்கும், உடனே மனசு மாறினாற்போல் மேலே ஏறிவிடும், விளக்கு மின்னி மின்னி அணையும். "கீழ வருது மாமா, வந்த வேகத்துல மேல ஏறிருது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் செல்வி. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கதவின் இரண்டு பக்கமும் கீழே, முழங்காலுக்கும் கீழே, இரண்டு சின்னக் கண்கள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சத்தை அனுப்புகிறது, இன்னொன்று வாங்குகிறது. நடுவில் குழந்தையோ நாயோ வந்தால் வெளிச்சம் தடைபடும், கதவு உடனே மேலே ஏறிவிடும். கடற்காற்றில் அந்தக் கண்களின் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. வழியில் யாரோ நிற்கிறார்கள் என்று கதவு நினைத்துக்கொள்கிறது. நீ செய்யவேண்டியது, மெல்லிய காய்ந்த துணியால் இரண்டையும் துடைப்பது. ஈரத்துணி வேண்டாம். துடைத்த பிறகு இரண்டிலும் குட்டி விளக்கு நடுங்காமல் எரிகிறதா என்று குனிந்து பார். நடுங்கினால் ஒன்று கோணிவிட்டது என்று அர்த்தம். என் பேத்தி பாப்பா அதன் மேல்தான் சைக்கிளைச் சாத்துகிறாள். கையால் மெதுவாகத் திருப்பு, விளக்கு நிலைத்ததும் திருகாணியை இறுக்கு. உங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது, அதனால் காலை வெயில் நேராக அந்தக் கண்ணில் விழும்போதும் இதே சேட்டையைச் செய்யும். அதற்கு ஒரு அட்டையை மடித்து மறைப்பு வைத்துவிட்டேன், காற்றில் பறந்திருந்தால் வேறொன்று வை. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொல்லை தாங்காமல் இரண்டு கண்ணையும் கழற்றி ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி டேப் போட்டு ஒட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வீடியோவில் கூட அப்படிக் காட்டுகிறார்களாம். பாப்பா ஓடுகிற வீட்டில் அதைச் செய்தாய் என்று கேள்விப்பட்டால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

அந்தக் கண்ணைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டாய், அன்றைக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். நான் தேயிலை எஸ்டேட் பாக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டராக இருந்தபோது, லீவு நாளில் ஊருக்குள் கடைகளின் ஷட்டர், பங்களாக்களின் காரேஜ் கதவு எல்லாம் பார்க்கப் போவேன். உன் அம்மா ஏணி பிடிக்க வருவாள். பாக்டரியில் அவள் தூள் சலிக்கும் இடத்தில் நாள் முழுக்க நின்றவள், ஞாயிற்றுக்கிழமையாவது உட்காரலாம் அல்லவா? "நீங்க மேல நின்னு கீழ பாக்காம ஸ்பேனரப் போடுவீங்க, வேற எவ தலையிலாச்சும் விழுந்தா வம்பு. என்ற தலைன்னா பரவால்ல" என்பாள். உன்னை உன் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்து போவோம். வழியில் வர்க்கி வாங்கி அவள் முந்தானையில் முடிந்துகொள்வாள், வேலை முடிந்ததும் ஏணிப் படியிலேயே உட்கார்ந்து டீயில் தொட்டுத் தின்போம். நாங்கள் இரண்டு பேரும் தனியாக எங்கேயாவது போனோம் என்றால் அந்தக் காரேஜ்களுக்குத்தான். சினிமாவுக்குப் போனதை விட அதிகம்.

குன்னூரில் முதல்முதலாக மோட்டார் கதவு வந்தது மேல்பங்களா ஒன்றில். அதற்கு முன்னால் எல்லாம் மரக் கதவுகள்தான், மழைக்காலத்தில் ஊறி உப்பி, நாலு பேர் தோள் கொடுத்தால்தான் திறக்கும். அந்த வீட்டு அம்மா வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய மோட்டாரை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கூடவே வந்த புத்தகத்தில் படம் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டோம், நன்றாகவே ஓடியது. ஆவணி மாதத்து மிஸ்ட் வந்ததும் நின்றுபோனது. இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும். நான் மோட்டாரைப் பிரித்தேன், ஒயரைப் பார்த்தேன், மூடினேன், மறுபடி பிரித்தேன். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், உனக்குத் தெரியும். உன் அம்மா குளிருக்கு ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றவள், சட்டென்று சொன்னாள்: "ஏனுங்க, இது மிஸ்ட்டப் பாத்து ஆளு நிக்குதுன்னு நெனச்சுக்குதுங்க. பாருங்க, காரேஜுக்குள்ள எப்படிப் பொகையாட்டம் வருது. அந்தக் கண்ணு ரெண்டும் வேர்த்துப்போயிருக்குது." குனிந்து முந்தானையால் துடைத்தாள். கதவு கீழே இறங்கித் தரையைத் தொட்டது. "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "அவ்வளவுதானுங்க" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்க்காதது போல நடந்தேன். பாராட்டவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், உன் அம்மா மகா கெட்டிக்காரி.

அதனால்தான் உங்கள் வீட்டில் அந்தக் கதவு இறங்கி இறங்கி ஏறியபோது எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அவள் போய் இரண்டு மாதம் கூட ஆகவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், அந்தக் கதவு மட்டும் வாசலில் யாரோ நிற்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி கேட்டேன். கண்ணில் உப்புத்தூள் பட்டுவிட்டது என்று நீ நினைத்தாய், நானும் ஆமாம் என்றேன்.

சரி, கதவுக்கு வருகிறேன். மலையில் பழகிய வித்தை எல்லாம் கடற்கரையில் எடுபடாது என்பதை நான் உங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே எதற்கும் கிரீஸ்தான் மருந்து. மழையும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும் என்று தாழ்ப்பாள், கீல், சக்கரம் எல்லாவற்றிலும் கை நிறைய எடுத்து அப்புவோம். அதே கையோடு உன் கதவுச் சக்கரம் ஓடுகிற தண்டவாளத்திலும் அப்பினேன். ஒரு வாரத்தில் கடல் மணல் பறந்து வந்து அதில் ஒட்டி, மாவரைக்கிற மாதிரி ஒரு சத்தம். தெருவே எட்டிப் பார்த்தது. மண்ணெண்ணெய் போட்டு அத்தனையையும் சுரண்டித் துடைக்க எனக்கு ஒரு பகல் ஆனது. ஆகையால் தண்டவாளத்தில் எதுவும் தடவாதே, துடைத்துச் சுத்தமாக வைத்தால் போதும். சக்கரத்தின் அச்சு, கீல்கள், மேலே இருக்கும் ஸ்பிரிங் இவற்றுக்கு மட்டும் சிலிகான் ஸ்பிரே இலேசாக அடி, வழிந்ததைத் துடைத்துவிடு. வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கதவின் வெளிப்பக்கத்தைக் கழுவு. குழாயை நேராக மோட்டார் பக்கம் பிடிக்காதே. அந்த உப்பைக் கழுவிவிட்டாலே பாதி ரிப்பேர் வராது. நீ காரை மட்டும் பளபளவென்று கழுவுகிறாய், கதவை ஒரு தரம் கூடக் கழுவிப் பார்த்ததில்லை.

இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பாய், செல்வி ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்தாகிவிட்டது. நம் வீட்டில் துணி பீரோவுக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும் அல்லவா? அந்தச் சூடு இல்லாவிட்டால் பட்டுப்புடவை, உன் பள்ளிக்கூடக் கோட்டு எல்லாம் பூஞ்சை பூத்துவிடும். நீ சின்னவனாக இருந்தபோது குளிருக்குப் பீரோவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பாய், பல்பு வாசனையும் நாப்தலின் வாசனையும் சேர்ந்து உன் தலையில் இருந்து வீசும். அந்த ஞாபகத்தில்தான் மோட்டாருக்குள் ஈரம் இறங்கக்கூடாது என்று, நீ வாங்கி வைத்திருந்த பல்பு ஒன்றை மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டி ராப்பகலாக எரியவிட்டேன். அன்றிலிருந்து ரிமோட் வேலை செய்யவில்லை. வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டு, இறங்கி வந்து பக்கத்தில் நின்று அழுத்தினால்தான் கதவு திறக்கும். பாட்டரி மாற்றினோம். பாட்டரி உட்காரும் இடத்தில் பச்சை பிடித்திருந்தது, அதைப் பாப்பாவின் ரப்பரால் தேய்த்து எடுத்தேன். அதையும் நீ மாதம் ஒருமுறை செய்யவேண்டும், உப்புக் காற்று ரிமோட்டுக்குள்ளேயும் போகிறது. அப்படியும் ஆகவில்லை. கடைசியில் செல்விதான், "மாமா, பல்பை அணைச்சா கதவு தொறக்கு மாமா!" என்று கத்தினாள். இந்தக் காலத்து எல்.இ.டி. பல்புகளில் சில, ரிமோட் சொல்வது மோட்டாருக்குக் கேட்காதபடி செய்துவிடுமாம். சூடும் தராது. பீரோவில் வைத்தாலும் உதவாது, காரேஜில் வைத்தாலும் கெடுதல். அந்தப் பல்பை அங்கே மறுபடி மாட்டாதே.

கடைசியாக, கதவுக்கு மேலே சுற்றிக் கிடக்கும் பெரிய ஸ்பிரிங். கதவின் மொத்தக் கனத்தையும் அதுதான் தாங்குகிறது, மோட்டார் சும்மா கைகாட்டுவதோடு சரி. கடலோரத்தில் அது துருப்பிடித்து ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும். அறுந்தால் நீ தொடவே கூடாது, ஆள் கூட்டி வா. மதுரையில் இருந்தானாலும் கூட்டி வா. மேல்பங்களாவில் ஒருமுறை அறுந்தபோது வேட்டு வெடித்த மாதிரிச் சத்தம். நான் ஏணியில் இருந்தேன், ஒரு துண்டு என் காதோரம் போய்ச் சுவரில் குத்தியது. உன் அம்மா ஏணியை விடவில்லை. கீழே இறங்கியதும்தான் உட்கார்ந்து அழுதாள். "இனிமே இந்த ஸ்பிரிங்குல கைய வெச்சீங்கன்னா நான் ஏணி புடிக்க வரமாட்டேன். பையன் எட்டாவதுதான் படிக்கறான், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றாள். அதற்கப்புறம் நான் ஸ்பிரிங் வேலை எடுத்ததே இல்லை. நீயும் எடுக்காதே. அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு வழி உண்டு. கதவு மூடியிருக்கும்போது தொங்கும் சிவப்புக் கயிற்றை இழு, மோட்டாரில் இருந்து கதவு விடுபட்டுவிடும். கையால் இடுப்பளவு தூக்கி, மெல்லப் பிடியைத் தளர்த்திப் பார். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நலம். கீழே இழுத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, ஆளைக் கூப்பிடு. கதவு திணறுகிறது என்று மோட்டாரின் பலத்தைத் திருகிக் கூட்டாதே. துருவைச் சரிசெய்யாமல் பலத்தைக் கூட்டினால் ஒருநாள் மோட்டாரின் பல் தேய்ந்து போகும், அதைவிட மோசம், தடுக்கவேண்டிய இடத்தில் கதவு நிற்காது. மழை வந்து கரண்ட் போனாலும் அதே சிவப்புக் கயிறுதான், மூடின கதவைக் கையால் திறந்து காரை எடுத்துக்கொள்ளலாம்.

அவ்வளவுதான் கதவு. இதற்கு மேல் எனக்கும் தெரியாது. இனி அந்த இரண்டாவது விஷயம்.

உங்கள் வீட்டில் இருந்த அந்த நாலு மாதத்தில் முதல் இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுந்ததும் வேலை இருந்தது. பாப்பா என்னைக் கதவுத் தாத்தா என்று கூப்பிட்டாள், தெருவில் மீன் கொண்டு வருகிற அம்மா கூட அப்படித்தான் கேட்டாள், "கதவுத் தாத்தா இருக்காவளா?" என்று. பிறகு கதவு சரியாகிவிட்டது. ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் ஒரு டம்ளரைக் கழுவப் போனால், "மாமா, நீங்க உக்காருங்க மாமா, நான் பாத்துக்கிடுதேன்" என்று செல்வி வாங்கிக்கொள்வாள். நீ ஆபீஸில் இருந்து வந்து, "ரெஸ்ட் எடுங்கப்பா, எத்தன நாளைக்குத்தான் வேல செய்வீங்க" என்பாய். இரண்டு பேரும் பாசத்தில்தான் சொன்னீர்கள், அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ரிப்பேருக்கு வந்த ஆள் வேலை முடிந்தும் கிளம்பாமல் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. பீரோவில் துணியெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீ பஸ் ஸ்டாண்டில் என் பையை ஏற்றிவிட்டு பஸ் கிளம்பும் வரை நின்றாய். நானும் ஜன்னல் வழியாக ஸ்பிரிங்கைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்தால் இங்கேயும் அப்படித்தான். பல்பு எரிகிறது, பீரோ சூடாக இருக்கிறது, அவளுடைய புடவைகளில் பூஞ்சை இல்லை. ஆனால் கட்டுகிறவள் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது பெரிய கொடுமை, எவ்வளவு அரிசி போட்டாலும் அதிகமாகிவிடுகிறது. மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நின்று பேசுகிறார்கள், அதுவும் நாலு வார்த்தை. வாசலில் காட்டெருமை நின்றால் கூட, "வெளிய போகாதீங்க" என்று சொல்ல ஆளில்லாததால் கதவைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போன மாதம் பாசி பிடித்த படியில் நான் வழுக்கி விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை, இடுப்பில் வலி மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் உனக்குச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம்தானே உன் கதவு அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்தது?

கண்ணு, நேற்று நீ போன் செய்ததும் முதலில் என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார். "காலையில இருந்து எங்க ஏரியா முழுசும் கரண்ட் இல்லப்பா, வேர்த்து ஊத்துது, செல்வியும் பாப்பாவும் மொட்டமாடில இருக்காங்க" என்றாய். அப்புறம் மழையைப் பற்றிக் கேட்டாய். அப்புறம்தான் கதவைப் பற்றிச் சொன்னாய், எப்படி நின்றது என்று நான் கேட்டேன். "இப்பக்கூட ரிமோட்ட அழுத்திப் பாத்தேங்கப்பா. மோட்டாரு உறுமுது, கதவு மட்டும் அசைய மாட்டேங்குது" என்றாய். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேன், லைட்டுக்கு மட்டும்தான், அதுவும் பாட்டரி செத்துக் கிடக்கிறது. கரண்ட் இல்லாமல் எந்த மோட்டார் கண்ணு உறுமும்? பாக்டரியில் இத்தனை வருஷம் மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவனிடம் வந்து இந்தக் கதையைச் சொல்கிறாயே. பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றோம் என்று உன் அம்மா பெருமைப்படுவாள். எனக்குப் போனை வைத்ததும் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எப்படியோ அழுகையாகிவிட்டது.

கதவுக்கு ஒன்றும் இல்லை. என்னைத்தான் கூப்பிடுகிறாய். நேராகக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, அப்படி ஆக்கியது நான்தான். நம் வீட்டு ஆம்பளைகளுக்கு ஒரு வேலையைக் காட்டாமல் வா என்று சொல்லவும் தெரியவில்லை, வேலை இல்லாத இடத்தில் இரு என்றால் இருக்கவும் தெரியவில்லை. என் அப்பாரு அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்ததும் வேலைக்குத்தான், நான் பாக்டரியில் சேர்ந்ததும் வேலைக்குத்தான். வேலை இருக்கிற இடம்தான் நம் இடம் என்று எனக்குள் எப்போதோ பதிந்துவிட்டது. ஒரு வீட்டில் சும்மா இருப்பதற்கும் ஒரு ஆளுக்கு உரிமை உண்டு என்பது எனக்கு இந்த வயதில்தான் மெல்லப் புரிகிறது. உன் அம்மா இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் புரியவைத்திருப்பாள்.

நான் இத்தனை பக்கம் அந்தக் கதவைப் பற்றி எழுதியதற்கு இதுதான் காரணம். தெரிந்ததை எல்லாம் கொடுத்துவிட்டேன், இனிமேல் அந்தக் கதவுக்கு நான் வேண்டியதில்லை. துடைப்பாய், கழுவுவாய், ஸ்பிரிங் அறுந்தால் ஆள் கூட்டி வருவாய். அதைச் சாக்காக வைத்து நீ என்னைக் கூப்பிட முடியாது, அதைச் சாக்காக வைத்து நான் வரவும் முடியாது. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லியாகவேண்டும், பெரியவன் நானே சொல்கிறேன். எனக்கு இங்கே தனியாக இருக்கப் பிடிக்கவில்லை கண்ணு. உன்னோடும் செல்வியோடும் பாப்பாவோடும் இருக்க ஆசையாக இருக்கிறது. எனக்குப் பயமாகக் கூட இருக்கிறது. விழுந்ததற்காகச் சொல்லவில்லை. பேசாமலே ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது, சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்கிறது.

அங்கே நான் நாற்காலியில் உட்கார்ந்து பழகப் போகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று நாள் சிடுசிடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செல்வியிடம் ஒன்று சொல், என் டம்ளரையாவது நான் கழுவிக்கொள்கிறேன், அதை மட்டும் பிடுங்கவேண்டாம். பாப்பாவுக்குப் பள்ளிக்கூட லீவு விட்டதும் எல்லோரும் சேர்ந்து இங்கே வருவோம், அந்த வெக்கையில் அங்கே கிடந்து யார் வேகிறது? அம்மாவின் புடவைகளில் நல்லதாக இரண்டைச் செல்விக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பச்சையில் சிவப்புக் கரை போட்டதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை, அது என் பையில் வரும், யாரும் எதுவும் கேட்கக்கூடாது. வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே எடுத்து வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வா என்று போனில் மட்டும் சொல்லிவிட்டு, அங்கே உன் கையில் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் படி என்று சொல்லித்தான் தருவேன். என் எதிரில் படிக்காதே, எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. பஸ்ஸில் இருந்து என்னை இறக்கும்போது நீ தூக்கிய பை போன தடவை போலக் கனத்திருக்காது. உள்ளே என் வேட்டி சட்டையும் அந்தப் புடவைகளும்தான் இருக்கின்றன. ஒரு ஸ்பேனர் கூட எடுத்து வைக்கவில்லை.

அப்பா